மைராவுக்கு முந்நூற்றுப் பத்துப் புள்ளி

பல்பண்பாட்டு மாணவர் மையத்தின் வாசலில் "இது உன் வீடு" என்று பதினோரு மொழிகளில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே, ஒரே மொழியில், டிசம்பர் பதினெட்டு முதல் ஜனவரி பன்னிரண்டு வரை மூடப்படும் என்றிருக்கும். இரண்டையும் ஒட்டியவன் நான். நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் என்பது என் பதவி. ஒட்டுவேன், கிழிப்பேன், பீட்சா வரவழைப்பேன்.

பீட்சா இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள். யாரும் வராவிட்டால் அட்டை தேய்க்க ஆள் இருக்காது. வாசல் மேசையில் உள்ளங்கை அளவு இயந்திரம் ஒன்று இருக்கிறது. மாணவர் அடையாள அட்டையை அதில் தேய்த்தால் பச்சை விளக்கு எரியும். திரை பெயர் சொல்லி வரவேற்கும். பத்துப் புள்ளி ஏறும். மையம் உயிரோடு இருக்கிறதா என்பதை அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பல்கலைக்கழகம் தீர்மானிக்கிறது. மாணவர் உயிரோடு இருக்கிறாரா என்று அது கேட்பதில்லை.

மைரா என் மனைவி. ஒன்றரை ஆண்டுக்கு முன், ஜூலையில் இறந்தாள். இருபத்தொன்பது வயது. காலையில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூளையில் ஏதோ ரத்தக்குழாய். மதியம் இல்லை.

இதே பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். விலகல் படிவத்தில் மாணவர்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்றாள் அங்கிருந்த பெண்.

"அவங்க வர முடியாதுங்க."

"வரவே வேணாம் சார். ஆன்லைன்லயே போடலாம். ரெண்டு நிமிஷ வேலை."

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆகவே பல்கலைக்கழகத்தின் கணக்கில் மைரா கிஞோனெஸ் இன்னும் மாணவி. அவளுக்கு வரும் கடிதங்கள் என் தொலைபேசிக்கு வருகின்றன. உன்னை நினைத்துக்கொண்டோம் மைரா. தேர்வு பயமா மைரா, வந்து நாய்க்குட்டியைக் கொஞ்சு.

அந்த ஆகஸ்டில் வரவேற்பு வாரம் முடிந்து மேசையை மடக்கும்போது, என் பணப்பையில் இருந்த அவள் அட்டையை எடுத்துத் தேய்த்தேன். என்ன ஆகும் என்று பார்க்கத்தான். பச்சை விளக்கு எரிந்தது. "மீண்டும் வந்தாய் மைரா! மகிழ்ச்சி!" என்றது திரை. அடுத்த நிகழ்ச்சியிலும் தேய்த்தேன். பிறகு எல்லா நிகழ்ச்சியிலும். அந்தக் கட்டடத்தில் அவள் பெயரைச் சொன்னது அந்த இயந்திரம் ஒன்றுதான்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் கெல்சோ அந்தப் பெயரைச் சொன்னதில்லை. தன்னை மார்ஜரி என்றுதான் கூப்பிட வேண்டும் என்பார். இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார். தேவாலயத்தில் குளிர்சாதனம் பழுது. மைராவின் பெயரும் படமும் அச்சடித்த அட்டையால் ஒரு மணி நேரம் விசிறிக்கொண்டார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க மனைவி இப்ப நல்ல இடத்துல இருக்காங்க" என்றார். அதன் பிறகு ஒன்றரை ஆண்டாக "உங்க இழப்பு" என்றுதான் சொல்கிறார். என் இழப்புக்கு ஒரு பெயர் இருந்தது அவர் காதில் ஏறவே இல்லை.

எலிக்கெம் இரண்டாம் ஆண்டு மாணவன். கானாவில் ஹோ என்ற ஊர். வேதிப்பொறியியல். மாலை ஐந்து முதல் ஒன்பது வரை உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவுகிறான். எங்கள் நிகழ்ச்சிகள் எல்லாம் ஆறு மணிக்கு. ஆகவே எங்கள் நிகழ்ச்சிகளில் மற்றவர்கள் தின்ற தட்டுகளை மட்டும்தான் அவன் பார்த்திருக்கிறான்.

அக்டோபரில் பண்பாட்டு இரவுக்கு மட்டும் வேலைக்கு விடுப்புப் போட்டான். மார்ஜரி கேட்டுக்கொண்டார் என்பதற்காக அறுபது பேருக்கு ஜொலோஃப் என்கிற தக்காளிச் சோறு சமைத்தான். அவன் மேசைக்கு மையம் வாங்கி வைத்த கொடி பொலிவியாவுடையது. சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் சரி. நடுவில் கறுப்பு நட்சத்திரம் இல்லை.

"அண்ணே, ஒரு மார்க்கர் குடுங்க" என்றான்.

"மாத்தச் சொல்லட்டுமா?"

"எதுக்கு? போன வருஷம் கேமரூன் வச்சாங்க. இப்ப பக்கத்துல வந்துட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல கானாவே வந்துரும்."

நட்சத்திரத்தை வரைந்தான். ஒரு முனை கொஞ்சம் கோணல். மார்ஜரி வந்து கொடியின் அருகில் அவனை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். "இதுதான்ப்பா உண்மையான ஆப்பிரிக்கா" என்றார். அவன் பின்னால் நான் மெக்சிகோ மேசையில் நின்றேன். நான் பிறந்தது இதே அமெரிக்காவில், இதே அயோவா மாநிலத்தில். மெக்சிகோவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டு முறையும் வயிற்றுப்போக்கு.

டிசம்பர் முதல் வாரம் எலிக்கெம் என் அறைக்கு வந்தான். கதவருகிலேயே நின்றான்.

"அண்ணே, பதினெட்டாம் தேதி ஹாஸ்டல் மூடுறாங்க."

"எல்லா வருஷமும்தான் மூடுறாங்க."

"போன வருஷம் சித்தி வீட்டுக்குப் போனேன், கொலம்பஸ்ல. சித்தி இப்ப லண்டன் போயிட்டாங்க. ஊருக்குப் போக டிக்கெட் விலைய நீங்களே பாத்துக்கோங்க. இருபத்தஞ்சு நாளு. கிச்சனும் மூடுது. நூலகமும் மூடுது. பஸ் ஸ்டாண்டு மட்டும் தொறந்திருக்கும், அங்கயும் ஒன்பது மணிக்கு வெளக்கை அணைச்சிருவாங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். வெளியே அன்று மைனஸ் பதினாறு.

கிழக்கு விடுதி மட்டும் குளிர்கால விடுமுறையிலும் திறந்திருக்கும். அதில் ஐந்து அறைகள் மையத்துக்கு உரியவை. போக இடமில்லாத மாணவர்களுக்காக யாரோ ஒரு பழைய மாணவர் எழுதிவைத்தது. "உன் பேரைச் சொல்றேன்" என்றேன். என் வீட்டிலும் ஓர் அறை உண்டு. அதில் மைராவின் பொருட்கள் இருக்கின்றன. அதை நான் திறப்பதில்லை. அங்கே வந்து தங்கு என்று சொல்ல வாய் வரவில்லை. என்னைப் பற்றியும் நல்ல அபிப்பிராயம் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மறுநாள் கூட்டம். மார்ஜரி, நான், மாணவர் பிரதிநிதியாக யெர். யெர் லாவோஸிலிருந்து வந்த மாங் இனக் குடும்பத்துப் பெண், செயின்ட் பால் நகரத்தவள், வரவேற்பு மேசையில் பகுதிநேர வேலை. எல்லா நிகழ்ச்சிக்கும் வருவாள். பீட்சாவுக்காக வருவதாக அவளே சொல்வாள்.

"செல்லங்களா, இந்த வருஷம் அஞ்சு ரூமையும் ரொம்ப நேர்மையா குடுக்கப் போறோம்" என்றார் மார்ஜரி. "யாருக்குத் தேவைன்னு நாம யாரு முடிவு பண்றது? அது ஆதிக்க மனப்பான்மை. அதனால தரவு முடிவு பண்ணட்டும். ஈடுபாட்டுப் புள்ளி அதிகம் இருக்கற அஞ்சு பேர்."

"எலிக்கெமுக்குப் போக இடமில்ல" என்றேன்.

"எலிக்கெம்னா எனக்கு உயிரு. அந்தச் சோறு!" அவர் திரையைத் தள்ளிப் பார்த்தார். "ஆனா நாப்பத்தோராவது இடத்துல இருக்கானே. சுழியம் புள்ளி. பண்பாட்டு இரவுக்குக்கூட வரல போல."

"அவன்தான் சமைச்சான்."

"அட்டை தேய்க்கலையே."

"சமைக்கிறவங்களுக்குத் தேய்க்கறதில்ல. அவங்க தன்னார்வலர். விருந்தாளிக்குத்தான் புள்ளி. விதிமுறை நீங்க எழுதினது."

"நல்லா எழுதியிருக்கேன்ல? இப்ப போயி மாத்தினா தரவு கெட்டுப்போயிரும், ஒக்தாவியோ."

யெர் கையைத் தூக்கினாள். "எனக்கு எத்தனையாவது இடம்?"

"மூணாவது! வாழ்த்துகள்."

"எங்க வீடு அஞ்சு மணி நேரத்துல இருக்கு. எங்கம்மா இப்பவே எங்க புதுவருஷத்துக்குப் பன்னி வெட்ட நாள் பாத்துட்டாங்க, நான் போகலன்னா என்னை வெட்டிருவாங்க. என் ரூமை எலிக்கெமுக்குக் குடுங்க."

"அது உன் பெருந்தன்மை, செல்லம். ஆனா ரூம் ஸ்வெட்டர் மாதிரி கழட்டிக் குடுக்கற பொருள் இல்ல. நீ வேணாம்னா ஆறாவது ஆளுக்குப் போகும்."

"ஆறாவது யாரு?"

"ப்ரூக்."

"ப்ரூக்கோட வீடு இந்த ஜன்னல்லேர்ந்து பாத்தா தெரியும்."

"ப்ரூக் ரொம்ப ஈடுபாடு உள்ள பொண்ணு" என்றார் மார்ஜரி. பிறகு முகம் மலர்ந்தது. "ஆனா முதல் இடத்தைப் பாருங்க! முந்நூத்திப் பத்துப் புள்ளி. முப்பத்தோரு நிகழ்ச்சி, ஒண்ணுகூட விடல. மைரா கிஞோனெஸ். என்ன அருமையான பொண்ணு! எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு அவளை."

நான் மேசையைப் பார்த்தேன். மேசையில் ஒரு காப்பிக் கோப்பையின் வளையம் இருந்தது.

"நான் எல்லாத்துக்கும் போயிருக்கேன்" என்றாள் யெர். "அப்படி யாரையும் பாத்ததில்லையே."

"அமைதியான பொண்ணு. எப்பவும் பின்னால நிப்பா" என்றார் மார்ஜரி. "ஒக்தாவியோ, நன்கொடையாளர் மதிய விருந்துக்கு அவளோட படமும் மூணு வரிக் கதையும் வாங்கிருங்க. கஷ்டம் இருக்கணும், ஆனா நம்பிக்கையில முடியணும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பெயர் பட்டியலிலிருந்து விழும். ப்ரூக் ஓர் இடம் மேலே ஏறுவாள். எலிக்கெம் நாற்பதாவது ஆவான். தலையாட்டினேன்.

அரை மணி கழித்து யெர் என் அறைக்கு வந்தாள். என் மேசையில் இருக்கும் படத்தைப் பார்த்தாள். மைரா சைக்கிளோடு நிற்கும் படம், தலைக்கவசம் ஒரு பக்கம் சரிந்திருக்கும்.

"அவங்க பேரு என்ன?"

"மைரா."

குனிந்து படத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

"அப்ப நான் பாத்ததில்லன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

படமும் அனுப்பவில்லை, கதையும் அனுப்பவில்லை. மூன்று நினைவூட்டல் வந்தது. அந்தப் பெண் கூச்சமானவள், படம் வேண்டாம் என்கிறாள் என்று பதில் எழுதினேன். "அந்தக் கூச்சத்தை நாம் கொண்டாடுவோம்" என்று மார்ஜரி மறுபதில் எழுதினார்.

பதினைந்தாம் தேதி விருந்து. வட்ட மேசைகள், வேகாத கோழி, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு மாணவர். நன்கொடையாளர்கள் பக்கத்திலிருக்கும் மாணவரிடம் இங்கே குளிர் எப்படிப் பழகியது என்று கேட்பார்கள். மாணவர் சிரிப்பார். எலிக்கெமை அழைக்கவில்லை. அன்று மதியமும் கூடுதல் வேலையாக அவன் உள்ளே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். ஆனால் திரையில் இருந்தான், கோணல் நட்சத்திரக் கொடியோடு, மூன்றடி உயரத்தில். "இங்கே நான் சொந்தம்" என்று அவன் நெஞ்சுக்குக் குறுக்கே எழுதியிருந்தது.

மார்ஜரி மேடையேறி ஐந்து பெயர்களையும் வாசித்தார். முதல் பெயரில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார்.

"மைரா இன்னிக்கு இங்க இல்ல. ஆனா போன வாரம் என் அறைக்கு வந்தா. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. 'மார்ஜரி, இந்தக் குடும்பத்துலயே நான்தான் முதல்ல காலேஜுக்கு வந்தவ. எல்லாரும் என்னைக் கைவிட்டப்ப இந்த மையம்தான் எனக்கு உயிர் குடுத்துச்சு'ன்னா."

மைராவின் அம்மா பள்ளி முதல்வர். அப்பா பல் மருத்துவர். அவளை யாரும் கைவிட்டதில்லை. அவள் யாருக்கு எதிரில் அழுதும் நான் பார்த்ததில்லை. எங்கள் திருமணத்தில்கூடத் தும்மினாள், அவ்வளவுதான்.

முன் மேசையில் ஒரு கிழவர் கைக்குட்டையை எடுத்தார்.

"அந்தப் பொண்ணை நாங்க பாக்க முடியுமா?" என்று கேட்டார்.

மார்ஜரி என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் குவளையைப் பிடித்திருந்தேன்.

"காய்ச்சல் அவளுக்கு" என்றாள் யெர், மூன்றாவது மேசையிலிருந்து. "நூத்தி ரெண்டு. நான்தான் சூப் வச்சுக் குடுத்துட்டு வந்தேன்."

கூடம் முழுக்கக் கை தட்டியது. மார்ஜரி பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் அருவருப்பு. அப்படி ஒருத்தி வந்து அழுதது அவருக்கு அந்த நிமிடம் உண்மையாகவே நினைவு இருந்தது. நானும் கை தட்டினேன். எழுந்து நின்று தட்டினேன், ஏனென்றால் எல்லாரும் எழுந்தார்கள்.

பதினெட்டாம் தேதி காலை கிழக்கு விடுதிக்குப் போய் மைராவின் அட்டையை நீட்டினேன். சாளரத்தில் இருந்த மாணவன் படத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தேய்த்தான். பச்சை விளக்கு. சாவி.

எலிக்கெம் ஒரு பெட்டியோடும் ஒரு மூட்டை சோளமாவோடும் வந்தான்.

"சாவி இந்தா. ரூம் நூத்திப் பதினேழு. யாராவது கேட்டா மையத்துப் புள்ளைன்னு சொல்லு."

"சொன்னா நம்புவாங்களா, அண்ணே? நாப்பத்தோராவது ஆளாச்சே நான்."

"யெர் சொன்னாளா?"

"ஊருக்கே சொல்லிட்டா."

நூற்றுப் பதினேழின் கதவில் பனித்துகள் போல வெட்டிய நீலக் காகிதம் ஒட்டியிருந்தது. விடுதி ஊழியர்கள் எல்லாக் கதவிலும் ஒட்டுவார்கள். அதில் மைரா என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தது.

"இது யாரு ரூமு?"

"உன்னோடதுதான்."

"அண்ணே. யாரோட இடத்தையாவது புடுங்கித் தர்றீங்களா? அப்படின்னா வேணாம். எனக்கு பஸ் ஸ்டாண்டு போதும்."

"என் பொண்டாட்டி பேரு அது."

அவன் காகிதத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முதலாண்டு வந்தபோதே மைரா இல்லை. ஆனால் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஏன், எப்படி என்று கேட்கவில்லை. சாவி வைத்திருந்த கையைத் தாழ்த்தினான்.

"கேக்காம உள்ள போக முடியாதே."

"யாருகிட்ட கேக்கணும்?"

"அவங்ககிட்டதான். வேற யாருகிட்ட?"

பெட்டியைத் திறந்து ஒரு குவளையை எடுத்தான். கூடத்தின் ஓரத்தில் இருந்த குழாயில் தண்ணீர் பிடித்தான். மூட்டையிலிருந்து ஒரு பிடி சோளமாவை எடுத்துப் போட்டு விரலால் கலக்கினான். காலணியைக் கழற்றினான். வாசற்படியில் குனிந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே தன் மொழியில் பேசினான். பிரார்த்தனை மாதிரி இல்லை. வீட்டுக்காரரிடம் பேசுவது மாதிரி இருந்தது. நடுவில் இரண்டு முறை மைரா என்றான். ஒரு முறை என் பெயரும் வந்தது. கம்பளத்தில் வெள்ளையாக ஊறியது.

"என்ன சொன்ன?"

"இருபத்தஞ்சு நாளுக்கு உங்க இடத்துல ஒதுங்கிக்கறேன், சத்தம் போடமாட்டேன், உங்க வீட்டுக்காரரு ஒழுங்கா சாப்புடறதில்ல போல, நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்."

"அதெல்லாம் எதுக்குச் சொன்ன?"

"சும்மா கேட்டா தருவாங்களா அண்ணே? பதிலுக்கு ஏதாவது சொல்ல வேணாமா?"

சாவியைப் போட்டுத் திறந்தான். ஒரு கட்டில், ஒரு மேசை, சூடு. நான் உள்ளே போகவில்லை.

சொன்னபடி செய்தான். இரண்டு நாளுக்கு ஒரு முறை சோள உருண்டையும் வெண்டைக்காய்க் குழம்பும் எடுத்துக்கொண்டு பேருந்தில் என் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பான். வழுவழுவென்றிருக்கும் அந்தக் குழம்பு எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிட்டேன். மூடிய அறையைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஜனவரி பன்னிரண்டு காலை சாவியைக் கொண்டுவந்து தந்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குத் தட்டுக் கழுவப் போனான்.

அடுத்த வாரம் மைராவுக்குக் கடிதம் வந்தது. அன்புள்ள மைரா. அறை நூற்றுப் பதினேழைப் பரிசோதித்தோம். வாசலில் கம்பளத்தில் நீங்காத வெள்ளைக் கறை உள்ளது. உன் பெயரில் ஓர் எச்சரிக்கை பதிவு செய்யப்படுகிறது. பிறரோடு சேர்ந்து வாழும் ஒழுக்கம் குறித்த நாற்பது நிமிட வகுப்புக்கு நீ நேரில் வர வேண்டும். வராவிட்டால் உன் மாணவர் தகுதி பறிக்கப்படலாம்.

ஒன்றரை ஆண்டாக அவளை எந்த வழியிலும் நீக்க முடியாத பல்கலைக்கழகம், கம்பளத்துக்காக நீக்கப் பார்த்தது.

மார்ஜரிக்கும் ஒரு நகல் போயிருந்தது. என் அறைக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"ஏமாத்தமா இருக்கு ஒக்தாவியோ. நான் அவளுக்காக அழுதேன்."

"பாத்தேன்."

"நாம எவ்வளவு செஞ்சாலும் சிலருக்கு நன்றி இருக்காது. நீங்க அவகிட்ட கொஞ்சம் பேசுங்க. உங்க பேச்சைக் கேப்பா."

"கேக்கமாட்டா" என்றேன். "எப்பவும் கேட்டதில்ல."

மார்ஜரி பெருமூச்சு விட்டார். என் மேசைமேல் இருந்த படத்தை நேராக்கி வைத்துவிட்டுப் போனார்.

வகுப்பு எங்கள் மையத்திலேயே நடந்தது, புதன்கிழமை ஆறு மணிக்கு. பதினேழு பேர். பீட்சாவை நான்தான் வரவழைத்தேன். பேச வந்தவர் பிறருடைய இடத்தை மதிப்பது எப்படி என்று நாற்பது நிமிடம் படம் காட்டினார். யெர் மூன்று துண்டு தின்றாள்.

எல்லாரும் போனபின் இயந்திரத்தை எடுத்து வைக்கும் முன் அட்டையைத் தேய்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

பத்துப் புள்ளி.